நாவல்பள்ளத்து வாய்க்கால் பற்றி இரண்டு தாள்கள்

நாவல்பள்ளம்,
அட்டுவம்பட்டி வழி, கொடைக்கானல்.
12-11-1961

அன்புள்ள லீலா மதினிக்கு,

கந்தம்மாள் பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மழை மட்டும் நிற்கவில்லை. மதுரையில் விடுதிச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? பழனியிலிருந்து மாமா கடிதம் போடுகிறாரா? உங்கள் அத்தை தினமும் ஒரு முறையாவது, "எங்க அண்ணன் மக காலேஜுல படிக்குது" என்று யாரிடமாவது சொல்லிவிடுகிறாள்.

இப்போது எழுதுவது ஒரு உதவிக்காக. எங்கள் வாய்க்காலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே ஓடையிலிருந்து பிரிந்து, மலைச்சரிவைச் சுற்றி ஒரு மைல் வந்து, ஒன்பது வீட்டுப் பூண்டு வயலுக்கும் பாய்வது. குடிக்கவும் அதுதான். போன வாரம் மேல்தோட்டத்து முதலாளி சேனாதிபதி, வாய்க்கால் தலைப்பில் இரும்புப் பலகை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார். தண்ணீர் அவருடைய பேரிக்காய்த் தோட்டத்துத் தொட்டிக்குப் போகிறது. தோட்டத்தை அவருக்கு விற்ற வெள்ளைக்காரர் குடும்பம்தான் அந்த வாய்க்காலை வெட்டியது என்கிறார்.

அப்பாவும் ஊர்ப் பெரியவர் மலைச்சாமியும் தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க முன்னோர் வெட்டுனதா நீங்க சொல்றீங்க. வெள்ளைக்காரர் வெட்டுனதா அவர் சொல்றாரு. எழுத்துல யாருகிட்ட இருக்கு?" என்றாராம். பிப்ரவரி ஐந்தாம் தேதி விசாரணை.

எங்களிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் சரித்திர டீச்சர் சொன்னார்: "வெள்ளைக்காரங்க மலையேறும்போது தும்முனாக்கூட எழுதி வச்சிருப்பாங்க." எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு கண்ணாடி அலமாரி, அதில் உள்ள அறுபத்து மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டேன். உங்கள் கல்லூரி நூல்நிலையத்தில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்றிலாவது எங்கள் வாய்க்கால் இருக்காதா?

மழை இருக்கும்வரை பயமில்லை. தை பிறந்தால் காய்ந்துவிடும். அப்பா நேற்றுச் சொன்னார்: "தண்ணி வரலேன்னா தையிலருந்து நீயும் ஆத்தா கூடப் பள்ளத்துக்கு எறங்கித் தண்ணி தூக்கணும் புள்ள. பள்ளிக்கூடமெல்லாம் ஆகாது." கோபத்தில் சொல்லவில்லை மதினி. அதனால்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கந்தம்மாள்
(ஐந்தாம் பாரம்)


மதுரை, மகளிர் விடுதி
27-11-1961

அன்புக் கந்தம்மா,

நான் நலம். அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். மழையில் நனைந்து பள்ளிக்கு நடக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே நூல்நிலையத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், ஆறு மாதமாக அங்கே நான் பத்திரிகை புரட்டுவதோடு சரி. நேராக மேசைக்குப் போய், "நாவல்பள்ளம் பத்தி ஒரு புஸ்தகம் வேணும்" என்றேன். உதவி நூலகர் சர்புன்னிசா. திண்டுக்கல்காரர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எத்தன வீடு உங்க ஊர்ல?"

"எங்க அத்தை ஊரு. ஒன்பது வீடு."

"ஒன்பது வீட்டுக்கு ஒரு புஸ்தகமா? எங்க திண்டுக்கல்லுக்கே இன்னும் ஒழுங்கா ஒண்ணு இல்ல. இது என்ன சந்தையாம்மா, பேரைச் சொன்னா தராசுல போட்டுக் குடுக்க?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் வந்துவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவரே வராந்தாவில் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்கிட்டா புஸ்தகம் வராது. ஊர் பேரை விடு. உனக்கு என்ன தெரியணும்? அதை ஒரே கேள்வியா எழுதிட்டு வா" என்றார்.

மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ நன்றாக எழுதுகிறவள். அந்தக் கேள்வியை எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
லீலா


நாவல்பள்ளம்
4-12-1961

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம்.

கேள்வியைப் பத்து முறை எழுதி அடித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: "மேல்தோட்டம் உண்டாவதற்கு முன்பே நாவல்பள்ளத்தில் வாய்க்கால் இருந்ததா?" யார் வெட்டினார்கள் என்று கேட்கக்கூடத் தேவையில்லை என்று தோன்றியது. தோட்டத்துக்கு முன்பே இருந்திருந்தால், தோட்டக்காரர் வெட்டியிருக்க முடியாது. தோட்டத்து வாசல் கல்லில் 1871 என்று வெட்டியிருக்கிறது. பள்ளி விட்டு வரும்போது போய்ப் பார்த்து வந்தேன். காவல்காரர், "ஏ புள்ள, கல்லுல என்ன மாம்பழமா தொங்குது?" என்று விரட்டினார்.

ஆகவே 1871-க்கு முன் எழுதியது வேண்டும். அல்லது அதற்கு முன் நடந்ததைப் பின்னால் எழுதியது.

ஊரில் விசாரித்ததில் வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. புரட்டாசியில் வீட்டுக்கு ஒருவர் போய் வாய்க்கால் தூர் எடுப்பதும் தலைப்பில் பொங்கல் வைப்பதும் எப்போது தொடங்கியது என்று கேட்டால், காளியாயி அக்கா, "உங்க ஆத்தாளுக்கு ஆத்தா பொறக்குறதுக்கு முன்னாடி. தாசில்தாரு அவளக் கூப்பிட்டுக் கேக்கட்டும்" என்கிறாள்.

புத்தகங்களை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எப்படித் தேடி எடுக்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். நான் இங்கே கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கூடவே நடப்பேன்.

தங்கள் அன்பு,
கந்தம்மாள்


மதுரை
20-12-1961

அன்புக் கந்தம்மா,

நான் சுகம், லேசாகத் தடுமன். அனைவரும் நலமா?

உன் கேள்வியைப் பார்த்த சர்புன்னிசா அக்கா, "இது காலேஜுல படிக்குதா?" என்றார். ஐந்தாம் பாரம் என்றேன். உடனே எழுந்து வந்து அட்டைப் பெட்டியைக் காட்டினார். கேட்டாயே, எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் இருப்பதுபோல் சின்னச் சின்ன இழுப்பறைகள், சுவர் முழுக்க. ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று அட்டை. ஒன்று எழுதியவர் பெயரில், ஒன்று புத்தகத்தின் பெயரில், ஒன்று பொருளின் பெயரில். எழுதியவரும் தெரியாது, புத்தகமும் தெரியாது என்பவர்கள் பொருள் பெட்டியில்தான் தொடங்க வேண்டும். அட்டையின் மேல்மூலையில் ஓர் எண் இருக்கும். அதையும் நம் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். நாம் உள்ளே போக முடியாது.

முதலில் கலைக்களஞ்சியத்தில் மலையைப் பற்றிப் பொதுவாகப் படிக்கச் சொன்னார். பிறகு ஜில்லாவைப் பற்றிய பெரிய புத்தகங்கள். முழுதும் படிக்க வேண்டாமாம். கடைசியில் சொல்லடைவு என்று அகர வரிசை இருக்கிறது, அதில் பார்த்தால் பக்கம் தெரியும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வேறு புத்தகங்களின் பெயர் இருக்கும். "அந்தப் பொடி எழுத்துதான் வழி. ஒரு புஸ்தகம் இன்னொண்ணுக்குக் கை காட்டும்" என்றார்.

அப்படிக் காட்டிக் காட்டி முப்பத்தொரு புத்தகம் பார்த்துவிட்டேன் கந்தம்மா. நீர்ப்பாசனம், ஏரி, அணை என்று பொருள் பெட்டியில் எல்லாம் தேடினேன். நெல் வயலும் பெரிய அணையும்தான் வருகின்றன. மலைமேல் பூண்டுக்குப் போகும் வாய்க்காலை யாரும் ஒரு வரி எழுதவில்லை. வகுப்புப் பாடம் தலைக்குமேல் கிடக்கிறது. நேற்று ஆங்கிலப் பரீட்சையில் பாதிதான் எழுதினேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

இல்லாததைத் தேடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

லீலா


நாவல்பள்ளம்
8-1-1962

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் தடுமன் விட்டதா? சுக்கு போட்டுக் குடியுங்கள். அம்மாவுக்கு முழங்காலில் கொஞ்சம் வலி, மற்றபடி சுகம்.

மழை நின்று பதினெட்டு நாள் ஆகிறது. பூண்டுத் தாள் நுனியில் மஞ்சள் ஏறுகிறது. ஒன்பது வீட்டுப் பெண்களும் பள்ளத்து ஊற்றுக்கு இறங்குகிறார்கள். வெள்ளனே போனால்தான் குடம் நிறையும். ஏறி வர முக்கால் மணி. வயலுக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் மண் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அரையாண்டுப் பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன். அப்பா அந்தத் தாளைக் கையில் வெகுநேரம் வைத்திருந்தார்.

மதினி, எனக்கு ஒன்று தோன்றியது. நாம் தண்ணீரைப் பற்றி எழுதியவரைத் தேடுகிறோம். தண்ணீரைப் பற்றி எழுதுகிறவர் எங்கள் பள்ளத்துக்கு எதற்கு வரப்போகிறார்? அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வந்த வெளியாட்கள் யார்? பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மலையேறியவர்கள்தான். அந்தப் பாதையை அளந்தவர்கள், செப்பனிட்டவர்கள். அவர்களுக்குத் தாகம் எடுத்திருக்கும். பாதை என்ற பொருளில் தேடிப் பாருங்களேன்.

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விசாரணைக்கு இருபத்தெட்டு நாள்தான்.

கந்தம்மாள்


மதுரை
19-1-1962

கண்ணே கந்தம்மா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. கிடைத்துவிட்டது!

பூசத்துக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பழனியில் கடையில் கூட்டம் தாங்காது, வா என்று அப்பா எழுதியிருந்தார். போகவில்லை. 'பாதைகள்' இழுப்பறையில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். மலைப்பாதையை அளந்த ஒரு வெள்ளைக்காரர் எழுதிய குறிப்புகள். எழுதியது 1866. மேல்தோட்டத்துக்கு ஐந்து வருஷம் முந்தி! "நாவல் மரங்கள் நிறைந்த பள்ளத்தில் சில குடிசைகள். இம்மக்கள் தம் கைகளாலேயே மலைச்சரிவைச் சுற்றி ஒரு மைல் வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவருகிறார்கள். நானும் என் ஆட்களும் அதில் குடித்தோம்." நீ சொன்னபடியே தாகம் எடுத்திருக்கிறது!

சத்தம் போட்டுவிட்டேன். சர்புன்னிசா அக்கா, "மெதுவாம்மா, மத்த புஸ்தகமெல்லாம் முழிச்சிக்கிரும்" என்றார். அந்த நூலை வெளியே தரமாட்டார்கள். மூடும் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அவசரமாக அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் அப்படியே ஒரு தாளில் பார்த்து எழுதினேன். அதை இதோடு வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இங்கே வழக்கம்போலத் தாளின் கீழ்மூலையில் குறித்திருக்கிறேன்.

தபால் கட்டும் நேரம். ஓடுகிறேன். இனிமேல் நீ பள்ளிக்கூடத்தை விட வேண்டியதில்லை!

உன் லீலா மதினி


நாவல்பள்ளம்
8-2-1962

அன்புள்ள மதினிக்கு,

அனைவரும் சுகம். நீங்களும் சுகமென நம்புகிறேன். கணக்கு நோட்டின் தாளில் எழுதுவதற்கு மன்னிக்கவும். அதில் எழுதாத தாள் நிறைய மீந்திருக்கிறது.

எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் விசாரணைக்கு முந்தின நாள்தான் அட்டுவம்பட்டியிலிருந்து ஆள்வழியாக வந்து சேர்ந்தது. நான் அப்போது வீட்டில் இல்லை. மலைச்சாமி உறையைப் பிரித்து, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்ததும் ஊரையே கூட்டிவிட்டார். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம், மஞ்சள் வைக்காமல் எப்படி அனுப்புவது? கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல், மஞ்சளைக் குழைத்து அப்பா கையாலேயே நாலு மூலையிலும் வைத்து, வாய்க்கால் தலைப்பில் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். நான் வந்து பார்க்கும்போது தாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே எழுத்தெல்லாம் அழகாக இருந்தது. கீழ்மூலையில் மஞ்சளும் உங்கள் நீல மசியும் கலந்து பச்சையாக ஒரு கறை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தாள்தான் கிழிந்தது. கடிதத்திலாவது புத்தகத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அப்படியே கொண்டுபோனோம். தாசில்தார் முழுதும் படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன் மதினி, எங்கள் பக்கம் மாறியது. பிறகு கேட்டார்: "எந்தப் புஸ்தகம்? எந்த வருஷம்? எத்தனாவது பக்கம்?"

உங்கள் கடிதத்தில் இருந்த 1866-ஐ மட்டும் சொன்னேன். சேனாதிபதியின் வக்கீல் தாளை விளிம்பில் பிடித்துத் தூக்கி, "மஞ்ச வச்ச பத்திரிகை! முகூர்த்தம் என்னிக்குன்னு கேளுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் இருபத்தாறுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கல்லூரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமாம். தயவுசெய்து அந்தப் புத்தகத்தின் பெயரை உடனே எழுதுங்கள். மறுபடியும் பார்த்து எழுதி, முத்திரை வாங்கி அனுப்புங்கள். அப்பா மேல் கோபப்படாதீர்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

கந்தம்மாள்


நாவல்பள்ளம்
24-2-1962

அன்புள்ள மதினிக்கு,

சுகமா? என் 8-ந்தேதிக் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. பூண்டு பாதிக்கு மேல் படுத்துவிட்டது. சேனாதிபதியின் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் காலையில் இங்கே கேட்கிறது.

தேர்வு நேரம் என்று தெரியும். ஒரு கார்டு போதும்.

கந்தம்மாள்


நாவல்பள்ளம்
7-3-1962

மதினிக்கு,

அம்மா ஏற்றத்தில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியிருக்கிறது. நடக்கக்கூடாது. பயப்படும்படி இல்லை.

பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. புத்தகம் தொலைந்துவிட்டதா? என் மேல் கோபமா? எதுவானாலும் எழுதுங்கள். எழுதாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

கந்தம்மாள்


மதுரை
14-3-1962

அன்புக் கந்தம்மா,

அத்தை கால் எப்படி இருக்கிறது? உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

நான் வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. இருந்த ஒரே தாளை உனக்கு அனுப்பிவிட்டேன். அதுவரை நாற்பத்திரண்டு புத்தகம் புரட்டியவளுக்கு, எது என்று நினைவில்லை. சர்புன்னிசா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஜனவரி மாதத்துக் கேட்புச் சீட்டுகளின் கட்டை எடுத்துப் போட்டார். 19-ந்தேதிக் கட்டில் என் கையெழுத்தில் ஏழு சீட்டுகள். ஏழு புத்தகங்களையும் வரவழைத்தோம். நான்காவது அதுதான். இது நடந்தது பிப்ரவரி பதின்மூன்று.

ஆம். ஒரு மாதமாகிறது. உனக்கு எழுதாமல் இருந்தேன்.

அன்றைக்கு மணி அடித்ததால் நான் அந்தப் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த முறை அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அந்த வெள்ளைக்காரர் நாலு வருஷம் கழித்து மறுபடி வந்ததைப் பின்னால் சேர்த்திருக்கிறார். மழை பொய்த்த வருஷம். மேலே தோட்டம் போட வந்தவருக்கும் நாவல்பள்ளத்துப் பெரியவர்களுக்கும் அவர் முன்னிலையிலேயே பேச்சு நடந்திருக்கிறது. வாய்க்காலில் ஓர் இடத்தில் பாறை குறுக்கே நின்று பாதித் தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்ததாம். தோட்டக்காரர் வெடி வைத்து அந்தப் பாறையை உடைத்துத் தருவது; அதற்குப் பதிலாகத் தை முதல் வைகாசி வரை வாரத்தில் பாதி நாள் தண்ணீர் தோட்டத்துக்கு. பெரியவர்கள் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

வாய்க்கால் உங்களுடையதுதான். ஆனால் மழையில்லாத மாதங்களில் பாதிதான்.

முதல் பக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போய் கையெழுத்துக் கேட்டேன். சர்புன்னிசா அக்கா போட மறுத்துவிட்டார். "படிச்சதுல பாதிய மறைச்சா அதுக்குப் பேரு வக்காலத்து. அதுக்கு வக்கீல் இருக்காரு, நான் எதுக்கு?" என்றார். சண்டை போட்டேன். ஒன்பது வீடு செத்துப்போகும் என்று கத்தினேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. உன் கடைசிக் கடிதத்தைப் பார்த்த பிறகு போனேன்.

இரண்டு பக்கமும் தனித்தனித் தாளில், இரண்டிலும் கல்லூரி முதல்வர் கையெழுத்து, முத்திரை. புத்தகத்தின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. "ரெண்டையும் அனுப்புறது நம்ம சோலி. எதைக் காட்டுறதுங்கறது அவங்க சோலி" என்றார் அக்கா. ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். இந்தப் பாரத்தை உன் தலையில் வைக்கிறேன்.

இன்னொன்று. உன் கடைசி மூன்று கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நோட்டில் ஏன் அவ்வளவு தாள் மீந்திருக்கிறது கந்தம்மா?

லீலா


நாவல்பள்ளம்
2-4-1962

அன்புள்ள லீலா மதினிக்கு,

அம்மாவின் வீக்கம் வற்றிவிட்டது. குச்சி ஊன்றி நடக்கிறாள். அப்பா சுகம். நான் சுகம். தேர்வு எப்படி எழுதுகிறீர்கள்?

இரண்டாவது தாளை யாருக்கும் சொல்லவில்லை. நாலாய் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். அப்படியே அது வியர்வையில் ஊறிக் கிழிந்துபோனால் நல்லது என்றுகூட நினைத்தேன். முதல் தாளை அப்பா நீட்டினார். இந்த முறை மஞ்சள் இல்லை. தாசில்தார் தலைப்பைப் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்றார். மலைச்சாமி அழுதுவிட்டார்.

அப்போது வக்கீல் எழுந்து, "இதுக்கு அடுத்த பக்கம்னு ஒண்ணு இருக்குமே, அது எங்க?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது மதினி. சும்மாதான் கேட்டார்.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "வேற கெடையாதுங்க. எங்க ஊருக்கு வந்தது இந்த ஒரு தாள்தாங்க. வேணும்னா பழனியாண்டவர் மேல சத்தியம்..."

அவர் கை மேலே போவதைப் பார்த்தேன். அப்பா பழனி மலை இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுக்காதவர். தெரியாமல் செய்தாலும் அது பொய்ச் சத்தியம்தானே? "அப்பா, வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். தாளை எடுத்துக் கொடுத்தேன்.

தாசில்தார் படித்து முடித்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றே உத்தரவு எழுதினார். தை முதல் வைகாசி வரை திங்கள், புதன், வெள்ளி எங்களுக்கு. செவ்வாய், வியாழன், சனி தோட்டத்துக்கு. ஞாயிறு காலை எங்களுக்கு, மாலை அவர்களுக்கு. மற்ற மாதங்களில் முழுவதும் எங்களுடையது. பூட்டை எடுத்துவிட்டார்கள்.

பூண்டுக்கு அது உதவவில்லை. பல் பிடிக்காமலே காய்ந்துவிட்டது. பிடுங்கி ஆட்டுக்குப் போட்டோம், ஆடும் தின்னவில்லை. காளியாயி அக்கா என் காது கேட்கவே, "படிச்ச புள்ள பாதித் தண்ணிய படிச்சே குடுத்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு போகிறாள். ஊற்றில் எனக்கு வழிவிட மாட்டேன் என்கிறார்கள். அப்பா திட்டவில்லை. திரும்பி வரும்போது அட்டுவம்பட்டி வரை எனக்கு முன்னால் நடந்தார். அப்புறம், "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார். "ஆறு நாளா" என்றேன். "ஆறு நாளு ஒத்தையில வச்சிருந்தியா?" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தை ஐந்தாம் தேதியிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. நாளுக்கு ஏழு நடை தண்ணீர். உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் புத்தகத்தை விட்டுவிட்டுப் பழனிக்கு ஓடி, மாமாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்திருப்பீர்கள். தேடுவதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆண்டுத் தேர்வு போய்விட்டது. வருகை நாள் போதாது என்று சரித்திர டீச்சர் சொல்லி அனுப்பினார்.

நேற்றுத் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். எங்கள் தண்ணீர் நாட்களில் நான் சுமக்க வேண்டியதில்லை. முழுத் தண்ணீர் வரும் மாதங்களில் தினமும் வருகிறேன், தை முதல் வைகாசி வரை திங்கள், புதன், வெள்ளி மட்டும் வரலாமா, மற்ற நாள் பாடத்தைப் புத்தகம் பார்த்து நானே படித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "பாதி நாள் வர்ற பொண்ணை எந்தப் பதிவேட்டில் எழுதறது?" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. பள்ளி திறக்கும் நாளில் அப்பாவை அழைத்து வரச் சொன்னார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டிக் காம்பைச் சீவிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பள்ளி திறப்பது ஜூன் நாலாம் தேதி. மலைச்சாமி வீட்டு நாட்காட்டியில் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை.

சர்புன்னிசா அக்காவுக்கு என் வணக்கம்.

கந்தம்மாள்